சாம்பிராணி குடித்த மெஷின்

எஞ்சின்களை நான் கண்ணால் பார்ப்பதில்லை, காதால்தான் பார்ப்பேன். அது பெரிய திறமை என்று பல வருடங்களாக நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். ஒரு சனிக்கிழமை அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, கல்முனைக்குடிக் கடற்கரையில், பாதி ஊர் பார்த்திருக்க, அது திறமை இல்லை, ஒருவகை வியாதி என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாண வீடுகளுக்கும் கூட்டங்களுக்கும் ஜெனரேட்டரும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுவது என் தொழில். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. ஊரில் என்னை 'ஜெனரேட்டர் ஹனிபா' என்பார்கள். மூன்று வீடு தள்ளி ஒரு டீசல் மெஷின் ஓடினாலும், அதற்கு ஒயில் மாற்ற வேண்டுமா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சோற்றில் கை வைத்தபடியே சொல்லிவிடுவேன். (என் குறட்டையும் இரண்டு சிலிண்டர் எஞ்சின் மாதிரித்தான் என்பது என் மனைவியின் கணிப்பு. ஸ்டார்ட் பண்ணக் கயிறுகூடத் தேவையில்லையாம்.)

இப்படிப்பட்டவனுக்குப் பிறந்த மகள், சத்தமே போடாத மெஷின் பொருத்துகிற கம்பனிக்கு வேலைக்குப் போனாள். எல்லாம் அல்லாஹ்வுடைய ஏற்பாடு.

மகள் ரிஸ்னாவுக்குக் கொழும்பில் வேலை. வெள்ளிக்கிழமை கம்பனி வேனில் வந்து இறங்கினாள். வேனுக்குள் சின்ன அலுமாரி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி. எரிபொருட் கலம் என்றாள். நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். சைலன்சர் இல்லை. புகைக் குழாய் இல்லை. ஸ்டார்ட் பண்ண ஒரு கைபிடிகூட இல்லை. கீழே மட்டும் விரல் தடிப்பில் ஒரு குழாய்.

"இது என்னத்துக்குப் புள்ள?"

"தண்ணி வாறதுக்கு வாப்பா. ஐதரசன உள்ளுக்கு விடுவம். காத்துல இரிக்கிற ஒட்சிசனோட அது சேரக்குள்ள கரண்ட் வரும். மிச்சம் வாறது வெறும் தண்ணி."

"புகை?"

"இல்ல."

"சத்தம்?"

"உள்ளுக்கு ஒரு விசிறி சுத்தும். அவ்வளவுதான்."

எனக்கு மகள்மேல் பரிதாபமாக இருந்தது. நாலு வருசம் படிக்கவைத்து, கடைசியில் யாரோ இவளை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"புகையும் வராது, சத்தமும் வராது எண்டா, அது ஓடுதெண்டு எப்பிடி மகள் நம்புற?"

"லைட் எரியுமே வாப்பா!"

வெளிநாடுகளில் இதை வைத்து பஸ் ஓடுகிறது, லொறி ஓடுகிறது, களஞ்சியங்களில் சாமான் தூக்குகிற வண்டிகள் ஓடுகின்றன, ஆஸ்பத்திரிகளிலும் டெலிபோன் கோபுரங்களிலும் கரண்ட் போனால் இதுதான் கைகொடுக்கிறது, கப்பலுக்கும் பூட்டிப் பார்க்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். நான் அந்தப் பெட்டியில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. (அப்போது அது ஓடவே இல்லை என்பதைப் பிறகுதான் சொன்னாள்.)

விசயம் என்னவென்றால், கடற்கரையில் எங்கள் மீனவர் சங்கத்துக்கு ஒரு குளிரறை இருக்கிறது. கரண்ட் போனால் டீசல் மெஷின்தான். டீசல் தட்டுப்பாடு வந்த காலத்தில், பிடித்த பாரையையும் சூரையையும் மணலுக்குள் புதைத்துவிட்டு ஆம்பிளைகள் குந்தியிருந்து அழுததைக் கண்ணால் கண்டவன் நான். அந்தக் குளிரறையை இந்தப் பெட்டியால் ஓட்டிக் காட்ட ரிஸ்னா வந்திருந்தாள். சங்கம் சம்மதித்தால் மெஷின் இங்கேயே நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ள கம்பனி ரிஸ்னாவையும் ஊரிலேயே வைக்கும். சங்கம் வேண்டாம் என்றால் பெட்டியும் மகளும் அதே வேனில் திரும்பி, மெஷின் வேறு ஊருக்கு, மகள் கொழும்புக்கு.

அன்று இரவுச் சாப்பாட்டில் என் மனைவி மகளின் சோற்றுக் கோப்பையில் மீன் துண்டுகளை அடுக்கிக்கொண்டே போனாள். ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்காத மனைவியின் அர்த்தம் எனக்குத் தெரியும். பெட்டி நிற்கவேண்டும்.

அடுத்த நாள் சங்கக் கட்டடத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகைக்குள் பெட்டியை வைத்தார்கள். ஐதரசன் சிலிண்டர்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் வெளியில். சிலிண்டரில் நெருப்புப் படம் போட்டிருந்தது. கம்பனியின் சின்னமாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"வாப்பா, நீங்க இதில இரிங்க. ஆரும் கிட்ட வராமப் பார்த்தாப் போதும். நீங்க ஒண்டும் செய்யாதீங்க. ஒண்டுமே."

இரண்டாவது 'ஒண்டுமே'யை என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னை நன்றாக அறிந்த பிள்ளை. ஆனாலும் போதிய அளவு அறியவில்லை.

மண்டபத்துக்குள் கூட்டம் தொடங்கியது. லைட், விசிறி, என்னுடைய ஸ்பீக்கர், பக்கத்துக் குளிரறை எல்லாம் இந்தப் பெட்டியில்தான் ஓடுகிறது என்றார்கள். நான் கதிரையைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கடல் சத்தம் கேட்டது. காகம் கேட்டது. பெட்டி கேட்கவில்லை. சத்தமில்லாத மெஷினுக்குப் பக்கத்தில் இருப்பது மூச்சில்லாத மையித்துக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அட, ஒரு பிஸ்மில் சொல்லி, துஆ ஓதி, சாம்பிராணி போடாமலல்லவா தொடங்கியிருக்கிறார்கள்! எங்கள் பக்கத்தில் புதுக் கடை திறந்தாலும், புதுத் தோணி இறக்கினாலும், அரிசி மில் பூட்டினாலும் சாம்பிராணிப் புகை காட்டாமல் இருப்போமா? (அது மார்க்கம் இல்லை, ஊர்ப் பழக்கம்தான் என்று மௌலவி பலமுறை சொல்லியிருக்கிறார். பலமுறை தலையாட்டியுமிருக்கிறேன்.)

வீடு பக்கத்து ஒழுங்கைதான். ஓடினேன்.

"மகளுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டாள் மனைவி. கேட்கும்போதே சிரட்டைக் கரியைப் பற்றவைத்துவிட்டாள்.

"நல்ல காரியத்துக்கு எதுக்குச் சொல்ல?"

"அதுவும் சரிதான்," என்று ஒரு கைப்பிடி சாம்பிராணி கூடுதலாக அள்ளித் தந்தாள். (இந்தக் கைப்பிடியை இன்றுவரை மறுக்கிறாள்.)

மூன்று கால் உள்ள எங்கள் பித்தளைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தேன். ஸலவாத்து சொல்லிக்கொண்டு பெட்டியைச் சுற்றி வந்தேன். 'யா அல்லாஹ், இந்த மெஷினில பரக்கத்தத் தா, எண்ட புள்ளய ஊரில நிப்பாட்டு' என்று மனமுருகிக் கேட்டேன். பெட்டியின் பக்கவாட்டுச் சல்லடைத் தகட்டுக்கு நேரே சட்டியைப் பிடித்தபோது ஒரு அதிசயம் நடந்தது. புகை மேலே போகவில்லை. நேராக வளைந்து பெட்டிக்குள்ளே போனது. பெட்டி தானாகவே புகையை இழுத்தது!

எனக்குக் கண் கலங்கிவிட்டது. துஆ கபூலாகிவிட்டது, கேட்டது கிடைத்துவிட்டதென்றே நினைத்தேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடித்தேன். இழுக்கட்டும் பாவம், நல்லா இழுக்கட்டும்.

மண்டபத்துக்குள் ரிஸ்னாவின் குரல் ஸ்பீக்கரில் கணீரென்று கேட்டது. "இந்த மெஷின்ட விசேசம் என்னெண்டா, இது எந்த நேரத்திலயும் நிக்காம..."

பீப், பீப், பீப், பீப்!

பெட்டியின் தலையில் சிவப்பு லைட் சுழன்றது. காது கிழிகிற சத்தம். எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல வார்த்தை இல்லை. யன்னலால் மண்டபத்துக்குள் தலையை நீட்டிக் கத்தினேன்.

"இப்பத்தான் மெஷின் ஸ்டார்ட் ஆகிரிக்கி! சத்தத்தக் கேளுங்க!"

மண்டபத்தில் லைட் அணைந்திருந்தது. விசிறிகள் ஓய்ந்துகொண்டிருந்தன. ரிஸ்னா ஓடாத மைக்கைப் பிடித்தபடி, என்னையும் என் கையிலிருந்த சட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பக்கத்திலிருந்த கொழும்பு மெனேஜர் கதிரையிலிருந்து எழும்பினார், எழும்பியபின் எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி இருந்தார்.

"வாப்பா! நெருப்பா அது?"

"நெருப்பில்ல மகள். சாம்பிராணி."

பிள்ளை ஓடிவந்த வேகம்! சட்டியைப் பிடுங்கினாள், பர்தாவை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினாள், கரியோடு சட்டியோடு கடலுக்குள் எறிந்தாள். 'ஸ்ஸ்' என்றது. பிறகு மெனேஜருக்குச் சிங்களத்தில் ஏதோ சொன்னாள். அதில் 'தாத்தா' என்ற சொல் மட்டும் எனக்கு விளங்கியது. சிங்களத்தில் அது வாப்பா. மெனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் மற்றதும் விளங்கியது.

சங்கத் தலைவர் சலீம் காக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். கூட்டமும் பின்னால்.

"என்னகா ஹனிபா, மெஷினுக்கு ஜின் புடிச்சிரிக்கெண்டா புகை போட்ட?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன்தான் கண்ணுக்குள் நின்றது. அதன் கதவை என் கையாலேயே திறந்துவிட்டேனே! மணல் கொஞ்சம் விலகினால் இறங்கிவிடலாம் என்று இருந்தது.

ரிஸ்னா மூச்சு வாங்கியபடி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"காக்கா, இந்தப் பெட்டிக்குள்ள ஒரு மூக்கு இரிக்கி," என்றாள். "ஐதரசன் கொஞ்சம் கசிஞ்சாலும் மணந்து பார்த்திரும். வாப்பாட கரிப்புகையையும் அது ஆபத்தெண்டு நினைச்சிரிக்கி. உடன கேஸ அடைச்சு, கரண்ட நிப்பாட்டி, எங்களயும் கூப்பிட்டிரிக்கி. நான் சோதிச்சுக் காட்டியிருந்தாலும் இவ்வளவு வடிவாக் காட்டியிருக்க மாட்டன். உங்கட டீசல் மெஷின் புகைக்குள்ள நிண்டா என்ன செய்யும்?"

சலீம் காக்கா தாடியைத் தடவினார்.

"அது எங்களயெல்லாம் புகைக்குள்ள நிப்பாட்டும்," என்றார். இந்த முறை சிரிப்பு என்னைவிட்டு டீசல் பக்கம் போனது.

அவள் கதவைத் திறந்து காற்று வடிகட்டியை வெளியே எடுத்தாள். வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது கறுத்து, சாம்பிராணி மணத்தது. புதியதை மாட்டினாள். சிலிண்டர், குழாய் எல்லாம் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். நான் மதிலோரம் நின்று எனக்குத் தெரிந்த ஓதல்களையெல்லாம் ஓதினேன். புகையில்லாமல்தான்.

பொத்தானை அமத்தினாள். ஒரு சத்தமும் இல்லை. என் காது தானாகப் பெட்டிப் பக்கம் போனது. பிறகு மண்டபத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது: "லைட் வந்திட்டு!"

அஸர் பாங்கு சொல்லும் நேரம், பெட்டியின் கீழ்க் குழாயிலிருந்து வடிந்த தண்ணீர் சின்ன வாளியில் சேர்ந்திருந்தது. சலீம் காக்கா அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். மணந்து பார்த்தார். மௌலவியைப் பார்த்தார்.

"தொழுகைக்கு இதில வுழூச் செய்யலாமா மௌலவி?"

"தண்ணி தண்ணிதானே காக்கா," என்றார் மௌலவி.

சலீம் காக்கா அங்கேயே குந்தி, கை கால் முகம் கழுவி வுழூச் செய்தார். முகம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டீசல் மெஷின் ஒரு நாளும் எனக்கு இந்த உபகாரம் செய்யல்ல. நிக்கட்டும் புள்ள, உண்ட பெட்டி."

அல்ஹம்துலில்லாஹ், பெட்டி இன்றும் நிற்கிறது. ஐதரசன் சிலிண்டர் தூரத்திலிருந்து வருவதுதான் ஒரே கஷ்டம். கூரையில் சூரியத் தகடு போட்டு, தண்ணீரைப் பிரித்து, ஐதரசனை இங்கேயே எடுக்கலாம் என்று ரிஸ்னா சங்கத்தோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிறாள். மனைவி இப்போது கதைக்கிறாள், தாராளமாக.

பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். மூன்று காலுள்ள சட்டி, மேலே வளைந்த புகை, குறுக்கே சிவப்புக் கோடு. மகள் வரைந்து கொடுத்தது. மெனேஜருக்கு அது நன்றாகப் பிடித்துப்போய், கம்பனி பொருத்துகிற எல்லாப் பெட்டிகளிலும் இப்போது அதை ஒட்டுகிறார்களாம். கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு தாதி, "இந்த இடத்தில் சூப் குடிக்கக் கூடாதா?" என்று கேட்டாளாம்.

எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் சாம்பிராணி போட்டாலும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பும். "வாப்பாட கையில குடுத்திராதீங்க" என்று ரிஸ்னா தொடங்கிவைப்பாள். முடித்துவைப்பது எப்போதும் என் மனைவிதான்.

"எண்ட சட்டி கடலுக்குள்ள கிடக்கு, அதிட படம் மட்டும் கொழும்பெல்லாம் சுத்துது."