இன்னும் கொஞ்சம் பெரிய வண்டி

வெண்டல் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் நீட்டிப் படுத்துப் பார்த்தார். பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. விற்பனைக்கு நிறுத்தியிருந்த வண்டிக்குள், கடைக்காரர் டெல்பர்ட்டின் கண்ணெதிரே, மனுஷன் இப்படிப் படுத்துக் கிடப்பது அவர் மனைவி நோரீனுக்குக் கூச்சமாக இருந்தது.

"எந்திரி வெண்டல். நமக்கு இது போதும். நல்லாத்தான் இருக்கு."

"போதும்கிறே. பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேங்கிறியே?"

"பிடிச்சிருக்கு. போதுமா?"

"பாத்தீங்களா டெல்பர்ட்? மறுபடியும் போதும்கிறா."

ஹேஸ்டிங்ஸில் இருந்த வீட்டை விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டால், அப்புறம் ஆயுசுக்கும் சக்கரத்தின் மேல்தான் குடித்தனம். டிரக்கின் முதுகில் ஒரு கொக்கித் தட்டைப் பொருத்தி, அதன்மேல் கழுத்தை ஏற்றி இழுத்துப் போகிற வீட்டு வண்டி. ஐந்தாம் சக்கரம் என்று அதற்குப் பெயர். எண்ணிப் பார்த்தால் கணக்கு எங்கேயோ உதைக்கும். பெயர் வைத்த புண்ணியவானைத்தான் கேட்க வேண்டும்.

வெண்டலை அரித்துக்கொண்டிருந்த கவலை ஒன்றே ஒன்று. நோரீன் ஒரு ஜன்னல் திரையை மாற்றுவதற்கே கோடைகாலம் முழுக்க யோசிக்கிறவள். வீட்டை விற்றுவிட்டு ஊர் ஊராகப் போகலாம் என்று அவர் சொன்னபோதோ, இதே வண்டியை ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, அன்றைக்கே சரியென்று தலையாட்டிவிட்டாள். எல்லாம் நமக்காகத்தான், மனதுக்குள் எவ்வளவு வேதனையோ என்று வெண்டல் உருகிப்போனார். நாளைக்கே அரிசோனாப் பாலைவனத்தில் எங்கேயாவது உட்கார்ந்துகொண்டு, என் வீடு எங்கேய்யா என்று அழுதால் என்ன செய்வது? அந்த அழுகையை மட்டும் பார்க்கக்கூடாது. அதற்காக எதை வேண்டுமானாலும் வாங்கிப் பூட்டத் தயாராக இருந்தார்.

அந்த வண்டியையே வாங்கினார்கள். வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் வெண்டல் கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார். கவுண்டி சாலைத் துறையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருடைய வாசம் அங்கேதான். சாப்பாடு தயாரானதும் நோரீன் சமையலறையிலிருந்து போன் போட்டுக் கூப்பிடுவாள்.

அன்று சாப்பிட வந்தவர் கேட்டார்: "துணி துவைக்கிறதுக்கு என்ன பண்ணுவே?"

"அதான் போற இடத்துல எல்லாம் காசு போட்டுத் துவைக்கிற கடை இருக்கே. ரெண்டு பேரும் போவோம். அது சுத்துற வரைக்கும் உக்காந்து பேசிக்கிட்டிருக்கலாம்."

அட பாவமே, என்னமாய்ச் சமாளிக்கிறாள் என்று வெண்டல் நினைத்துக்கொண்டார். மறுநாளே வாஷிங் மெஷினும் உலர்த்தும் மெஷினும் வண்டியில் ஏறின.

அடுத்து சோபா. இரண்டு பேர் நெருங்கி உட்காரும் அளவுக்குத்தான் இருந்தது.

"இருந்துட்டுப் போகட்டும் வெண்டல். நாம ரெண்டே பேர்தானே?"

"நோரீன், என்கிட்ட நடிக்காதே" என்றார் வெண்டல். சோபாவைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளும் நாற்காலிகள் இரண்டை, எதிரெதிர்ச் சுவர்களில், ஆளுக்கொன்றாகப் பூட்டினார். ஆளுக்கொரு டி.வி.யும் வந்தது. ஒருத்தர் பார்ப்பது இன்னொருத்தருக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது, பாருங்கள்.

நோரீன் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச்சுவரைப் பார்த்தாள். "ரொம்ப தூரத்துல இருக்கே" என்றாள்.

"டி.வி.யா? இன்னும் பெருசா வாங்கிடலாம்!"

சோளக் கிடங்கின் எடைமேடையில் வண்டியை ஏற்றியபோதுதான் விஷயம் புரிந்தது. வெண்டலின் பழைய டிரக் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்து, முன்பக்கம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னய்யா, வீட்டையே தூக்கிட்டுப் போறீரா?" என்று கேட்டான் எடை போடுகிறவன்.

"ஆமாம்" என்றார் வெண்டல்.

டெல்பர்ட் வந்து டிரக்கைச் சுற்றிப் பார்த்தார். "நல்ல டிரக் சார். மளிகை வாங்கிட்டு வர்றதுக்கு."

பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் வைத்த டீசல் டிரக் ஒன்று வந்து சேர்ந்தது. ஏறி உட்கார நோரீனுக்கு ஒரு முக்காலி தேவைப்பட்டது. முதல் நாளே அதைக் காபிக் கடையில், வண்டியில் இருந்தபடியே காபி வாங்கிப் போகும் குறுகலான பாதைக்குள் விட்டுவிட்டு வெண்டல் முழித்தார். பின்னால் நின்ற அத்தனை பேரும் ரிவர்ஸ் எடுத்து வழிவிட வேண்டியதாயிற்று. காபி வரவில்லை, வசவு வந்தது.

டெல்பர்ட் கொக்கித் தட்டை மாட்டிக்கொண்டே உச்சுக்கொட்டினார். "இவ்வளவு பெரிய டிரக்குக்கு இந்தக் குட்டி வண்டியா சார்? ரோட்ல பாக்கிறவன் சிரிப்பான்."

வெண்டல் கராஜில் உட்கார்ந்து அதையும் யோசித்தார். குட்டி வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்றை எடுத்தார். பொத்தானை அமுக்கினால் சுவர்கள் வெளியே நகர்ந்து அறைகள் அகலமாகும். படியேறிப் போனால் படுக்கையறை. சமையலறைக்கு நடுவே ஒரு மேடை, ஹாலில் கரண்ட்டில் எரியும் கணப்பு. அடுப்படியில் நின்று நோரீன் ஏதோ சொன்னது படுக்கையறையில் நின்ற வெண்டலுக்குக் கேட்கவில்லை.

"என்ன?" என்று கத்தினார்.

"ஒண்ணுமில்ல!" என்று அவளும் கத்தினாள்.

"போன் பண்ணு!" என்றார் வெண்டல் பெருமையாக.

நோரீன் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றைத்தான். பிளாக் ஹில்ஸ் மலையில் ஒரு ஏரிக்கரை. முதல் ஒரு வாரம் அங்கே தங்கி, காலையில் இருவரும் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். அங்கே வீட்டு வண்டிகள் தங்குகிற முகாமுக்கு வெண்டல் போன் போட்டார்.

"எத்தனை அடி?" என்று கேட்டது ஒரு பெண் குரல்.

வெண்டல் சொன்னார்.

"சார், எங்க ஏரியே அவ்வளவு நீளம் வராதே" என்றாள் அந்தப் பெண். பெரிய வண்டிகளுக்கென்று மலையடிவாரத்தில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு இடம் இருப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நோரீன் பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அந்தப் பழைய குட்டி வண்டி இன்னும் டெல்பர்ட் கடையிலதானே நிக்குது?"

"அதைப் பத்தி இப்ப எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

ஆசைப்பட்ட ஒன்றும் போச்சே என்று வெண்டலுக்கு ராத்தூக்கம் கெட்டது. விடிந்ததும் வழி கண்டுபிடித்துவிட்டார். அடிவாரத்திலிருந்து ஏரிக்குப் போய்வர ஒரு கோல்ஃப் வண்டி! ஆனால் டிரக், அதன் முதுகில் வீடு, அப்புறம் கோல்ஃப் வண்டியை எங்கே ஏற்றுவது? டெல்பர்ட்டிடம் ஓடினார். டெல்பர்ட்டிடம் இல்லாத சரக்கா?

வீட்டைக் காலிசெய்யும் நாள் வந்தது. நோரீனைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, வாசலுக்குக் கையைப் பிடித்து அழைத்து வந்தார் வெண்டல். டெல்பர்ட் கடைசிக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தார்.

"இப்பக் கண்ணைத் திற!"

முந்தையதைவிட நீளமான வண்டி நின்றது. அதன் பின்பக்கச் சுவர் அப்படியே கீழே சாய்ந்து, பாலம்போல் தரையைத் தொட்டது. உள்ளே கோல்ஃப் வண்டி ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது.

"உனக்குத்தான் நோரீன்! ஏரிக்குப் போறதுக்கு! உள்ள வந்து பாரு. ஒரு முழு கராஜ்! இங்க வொர்க் பெஞ்ச், இங்க ஒரு குட்டி ஃபிரிட்ஜ். தனி ஏசி. ரேடியோ வைக்கக்கூட இடம் விட்டிருக்கான். நீ கோல்ஃப் வண்டில கிளம்பிட்டா, நான் இங்க வந்துடுவேன். உனக்கு இடைஞ்சலே கிடையாது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள்கூட இருக்கு, பாரேன்!"

நோரீன் அந்தக் கதவைத் திறந்தாள். சாத்தினாள். தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், எடுத்தாள். அப்படியே வொர்க் பெஞ்சின் மேல் சாய்ந்துகொண்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்தி அழ ஆரம்பித்தாள்.

வெண்டல் பூரித்துப்போனார். "இது சந்தோஷத்துல வர்ற அழுகை" என்று டெல்பர்ட்டுக்கு விளக்கினார்.

நோரீன் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தாள். "வெண்டல், வீட்டை வாங்கினவங்ககிட்ட கேட்டா, திருப்பிக் குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் டிரக் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

வெண்டல் டெல்பர்ட் பக்கம் திரும்பினார். எந்த அழுகைக்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ, அது பாலைவனம் வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. வாசலிலேயே வந்துவிட்டது.

"இன்னும் என்னய்யா குறை இதுல?" என்றார், டெல்பர்ட்டின் சட்டையைப் பிடிக்காத குறையாக. "எதை நான் வைக்காம விட்டேன்? சொல்லுய்யா!"

டெல்பர்ட் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். கையெழுத்துப் போட்ட காகிதம் பத்திரமாக இருந்தது.

"முதல் தடவை அந்தக் குட்டி வண்டியைப் பாக்க வந்தப்ப மேடம் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் சார் கேட்டாங்க. 'இதுல இந்த மனுஷன் தனியாப் போய்க் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார்றதுக்கு எங்கயாவது இடம் இருக்கா?'ன்னாங்க. இல்லவே இல்லைன்னேன். 'அப்ப இன்னிக்கே வீட்டை வித்துடலாம்'னாங்க."