ஆறாங்கிளாஸ் உப்பு பார்த்த கதை

அறுபது தாண்டிய பிறகு ஆறாம் வகுப்பில் சேர்ந்து, சாகும்வரை பாஸாகாமல் அதே வகுப்பில் இருந்த ஆள் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அதுவும் ஆறாம் வகுப்பே இல்லாத பள்ளிக்கூடத்தில்.

மண்ணூர் பக்கம், ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகிற சின்னப் பள்ளிக்கூடம் அது. நான் அங்கே சத்துணவு அமைப்பாளர். முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கும் அப்போது எங்கள் கூடத்தில் மதியச் சாப்பாடு உண்டு. மற்றவர்கள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் மட்டும் நெளிந்த அலுமினியத் தட்டோடு வந்து, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வரிசை முடிகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்காருவார். பிள்ளைகள் வைத்த பெயர்தான் ஆறாங்கிளாஸ். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் மணியார்டர் கொண்டுவரும் போஸ்ட்மேன் மட்டுமே.

"வூட்டுக்கு எடுத்துனு போய் நிதானமா துன்னக் கூடாதா தாத்தா?" என்பாள் சமைக்கிற சரோஜா.

"வூட்ல யாரு கீறாங்க? செவுத்தப் பாத்துகினு துன்னா சோறு எறங்குமா?"

உதவித்தொகைக்கு மனுப் போட்டபோதே அவர் கலாட்டா பண்ணினவர். ஆதரவற்றவர் என்று எழுத வேண்டும். யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார் கிராம அதிகாரி. "ஏன், நீ இல்லியா?" என்றாராம் இவர். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டு, யாருமில்லை என்று எழுதி முத்திரை குத்திவிட்டார். சம்சாரம் போன பிறகு அவருக்கு நிஜமாகவே யாருமில்லை. ஆனாலும் அதை சர்க்கார் சொல்லிவிட்டதில் அவருக்கு ரொம்ப நாள் வருத்தம்.

பள்ளிக்கூடத்தில் வருத்தத்தையெல்லாம் காட்ட மாட்டார். வரிசையில் யாராவது முந்தினால் என்னிடம் கோள் சொல்லுவார். முட்டை பிள்ளைகளுக்கு மட்டும் என்பது விதி. மஞ்சள் கரு பிடிக்காத பிள்ளைகள் யார் யார் என்று அவருக்கு அத்துப்படி. முட்டை போடும் நாளில் அவர்களுக்கு நடுவில்தான் உட்காருவார். மழைக்கு லீவு விட்டால் மட்டும் கோபம் தலைக்கேறும். "மழ பேஞ்சா பள்ளிக்கூடத்த மூடுறாங்களே, பசியையும் சேத்து மூடுவானா கலெக்டரு?" என்று மறுநாள் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்.

தொண்ணூற்றி ஒன்றில் எங்களுக்கு ஓர் உத்தரவு வந்தது. இனி முதியோருக்குச் சாப்பாடு கிடையாது, பதிலுக்கு ரேஷன் கடையில் மாதாமாதம் அரிசி இலவசம். ஊரில் எல்லாக் கிழவர்களுக்கும் ஒரே குஷி. ஆறாங்கிளாஸ் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா டீச்சரு, என்ன இஸ்கூல விட்டுத் தொரத்திட்டாங்களா?"

"அரிசி குடுக்கிறாங்களே தாத்தா."

"அரிசி குடுக்குறாங்க. கூட உக்காந்து துன்றதுக்கு யாரக் குடுக்குறாங்க?"

நான் உலையைப் பார்க்க உள்ளே போய்விட்டேன்.

அடுத்த மாதம் ஒரு பகல். உலையில் சோறு பாதி வெந்திருக்கிறது. மனுஷர் ரேஷன் பையோடு சமையல்கட்டுக்குள் நுழைந்தார். சரோஜா "அய்யய்யோ" என்பதற்குள் அவ்வளவு அரிசியையும் அண்டாவில் கொட்டிவிட்டார்.

"என் பங்க நான் போட்டுட்டேன். இனிமே நானும் வரிசைல குந்தலாமில்ல?"

அன்றைக்குப் பார்த்து சோதனைக்கு ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். தட்டில் பாதி கஞ்சி, பாதி கல் மாதிரி வேகாத அரிசி. ஒரு வாய் போட்டவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பல் ஆடியிருக்க வேண்டும். வரிசைக் கடைசியில் கடக் முடக்கென்று ஆனந்தமாக மென்றுகொண்டிருந்த கிழவரைப் பார்த்தார்.

"இதுல யாரு பெரியவரே உங்க பேரன்?"

"எனக்கு யாரும் இல்லன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துகீது சார்."

"இவரு ஆறாங்கிளாஸ் சார்!" என்று ஐந்து வகுப்பும் ஒரே குரலில் கத்தியது.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, சமைச்சதைப் பெரியவங்க யாராவது ருசி பார்த்துட்டுத்தான் பிள்ளைங்களுக்குப் போடணும்னு விதி இருக்கே, தெரியாதா?"

"தெரியும் சார். பெரியவங்கன்னா... யார் வேணும்னாலும் பார்க்கலாமா சார்?"

என்னையும் கிழவரையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டார். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த மனிதர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

மறுநாளிலிருந்து ஆறாங்கிளாஸ் உப்பு பார்த்தார். ஒரு வாய் பார்த்தால் போதும். அவரோ வரிசையில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கத் தின்றால்தான் உப்பு தெரியும் என்பார். "கரீட்டா கீது டீச்சரு!" என்ற தீர்ப்பு, தட்டைக் கழுவின பிறகுதான் வரும்.

ஒரு நாள் அவர் வரவில்லை. இனி வரமாட்டார் என்ற செய்திதான் வந்தது. பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு அப்புறம் சுவரோரமாக ஓர் ஆள் உட்கார இடம் விட்டே உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான்.

பள்ளிக்கூடத்தைச் சுற்றி இப்போது கம்பெனிகள் வந்துவிட்டன. நான் ஓய்வு பெற்று, தனி வீட்டில், எனக்கு மட்டும் பொங்கிக்கொள்கிறேன். தட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காரும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. உப்பு சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆறாங்கிளாஸ் வந்து சொன்னால் தேவலை.