இந்த வருஷக் கோட்டா

"எழுநூத்தி நாப்பத்திரண்டு வெள்ளியா? நான் என்னலா பாவம் பண்ணேன்?"

மகேந்திரன் கணினித் திரையைப் பார்த்துத்தான் கேட்டான். திரை வாயைத் திறக்கவில்லை. வருமான வரிப் படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு நிமிர்ந்தால், இன்னும் இவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரு தொகை வந்து நிற்கிறது. ஏப்ரல் முடிய நான்கு நாள்தான் பாக்கி.

ஈப்போவில் ஓடு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவன் ஸ்டோர் சூப்பர்வைசர். போன வருஷம் ஓவர்டைம் நிறையப் பார்த்தான். பார்த்தபோது இனித்தது, இப்போது கசந்தது. மகளுக்கு லேப்டாப் வாங்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த காசு கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

"தள்ளு மச்சான், நான் பாக்குறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் பாஸ்கல்.

பாஸ்கலுக்கு அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வேலை. ஆனால் ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆபீஸ் கணக்கர்கூட அவனிடம்தான் சந்தேகம் கேட்பார்.

"பிள்ளைக்குக் கழிச்சிட்டே. இன்சூரன்ஸ் கழிச்சிட்டே. பெண்டாட்டி?"

"அவ வேலைக்குப் போறா. அவ வரியை அவளே தனியா கட்டுறா."

"சரி. அம்மா அப்பா மருத்துவச் செலவு? எட்டாயிரம் வரைக்கும் கழிக்கலாம்லா. நீ சைபர் போட்டு வச்சிருக்கே."

"அம்மா போயி ஆறு வருஷமாச்சு."

"அப்பா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

பாஸ்கல் வரிக்காகத்தான் அதைக் கேட்டான். மகேந்திரன் போனை எடுத்துப் பார்த்தான். அப்பாவிடம் கடைசியாகப் பேசியது பொங்கலன்று. அதுவும் இரண்டு நிமிஷம்.

அப்பா சன்னாசி பீடோரில் தனியாக இருந்தார். வயது எழுபத்தொன்று. ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு, கொய்யாத் தோட்டங்களில் அவ்வப்போது வேலை பார்த்துக்கொண்டு, ஒரு சின்ன வீட்டில் தானே சமைத்துச் சாப்பிட்டு வந்தார். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒரு மணி நேரம் என்பது ரொம்ப வசதியான தூரம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் எப்போதுமே போகாமல் இருக்கலாம்.

மகேந்திரன் போன் போட்டான்.

"யாருப்பா செத்துட்டா?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டார் சன்னாசி.

"யாரும் சாகலைப்பா."

"அப்புறம் எதுக்குப் போனு?"

"சும்மாதான்பா. போன வருஷம் மருந்து, டாக்டருன்னு செலவு பண்ண ரிசீட்டு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"ரிசீட்டா? ஒரு டின்னு நிறைய இருக்குய்யா! உனக்கு எத்தனை வேணும்?"

அன்று சாயங்காலத்துக்குள் வாட்ஸாப்பில் முப்பத்தொரு படங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் அப்பாவின் கட்டைவிரல் தொகையை மறைத்துக்கொண்டிருந்தது. விரல் விலகித் தெரிந்த மட்டில், சமையல் கேஸ் தோம்பு, அரிசி, மின்சாரக் கட்டணம், மோட்டார்சைக்கிளுக்கு டயர். கடைசியாக மாரியம்மன் கோயில் அர்ச்சனைச் சீட்டுகள் ஆறு.

"அப்பா, கோயில் சீட்டெல்லாம் எதுக்குப்பா?"

"உன் பேருக்குத்தான்யா அர்ச்சனை பண்ணேன். உடம்பு நல்லா இருக்கணும்னு. அதுவும் மருத்துவச் செலவுதானே?"

பாஸ்கல் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "இதுக்கெல்லாம் வரி ரிலீஃப் கிடையாது மச்சான். டாக்டர் ரிசீட்டு ஒண்ணுகூடவா இல்ல?"

இல்லை. சன்னாசி போவது அரசாங்க கிளினிக்குக்கு. அங்கே வயதானவர்களிடம் காசு வாங்குவதில்லை. காசு வாங்கினால்தானே ரசீது!

மகேந்திரன் எழுநூற்று நாற்பத்திரண்டையும் கட்டித் தொலைத்தான். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் காசு போன எரிச்சல் ஒருவனைச் சும்மா இருக்க விடுமா?

"இந்த வருஷம் செலவு பண்றதை அடுத்த வருஷம் கழிச்சிக்கலாம்லா" என்று பாஸ்கல் வழி சொன்னான். "இப்பவே சேர்க்க ஆரம்பி."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகேந்திரன் மறுபடி போன் செய்தான்.

"அப்பா, இனிமே தனியார் கிளினிக்குக்குப் போங்க. காசு நான் போட்டு விடுறேன். ரிசீட்டை மட்டும் மறக்காம வாங்கிடுங்க."

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே மகேன்."

"ஒண்ணுமில்லைன்னு டாக்டர் சொல்லட்டும்பா. அதுக்கும் ரிசீட்டு குடுப்பாங்க."

சன்னாசி ஒழுங்கானவர். தோட்டத்தில் கங்காணி ஒரு தடவை சொன்னால் போதும், செய்து முடிப்பார். மறுநாளே போய் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டார். அறுநூற்றெண்பது வெள்ளி. இந்த முறை கட்டைவிரல் படத்தில் இல்லை. இரண்டு கையாலும் ரசீதைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரரை விட்டுப் படம் எடுக்கச் சொல்லியிருந்தார். பரிசு வாங்கியவர் மாதிரி நின்றிருந்தார்.

"என்னப்பா சொன்னாரு டாக்டரு?"

"சீனி இல்லையாம். பிரஷர் மட்டும் கொஞ்சம். அடுத்து எங்க போகட்டும்?"

அப்படி ஆரம்பித்தது. வாரத்துக்கு ஒரு ரசீது, வாரத்துக்கு ஒரு போன். முதலில் முழங்கால், அப்புறம் காது, அப்புறம் முதுகில் இருபது வருஷமாக யாரையும் தொந்தரவு செய்யாமல் இருந்த ஒரு மரு. மே மாதத்தில் சன்னாசி பல் டாக்டரிடம் போய்ப் பல்செட்டு கட்டிக்கொண்டு வந்தார். ஆயிரத்து முந்நூறு வெள்ளி.

மகேந்திரன் அந்த ரசீதைப் பெருமையோடு பாஸ்கலிடம் காட்டினான். பாஸ்கல் உதட்டைப் பிதுக்கினான்.

"இது செல்லாது மச்சான். பல்லைப் பிடுங்கினா கழிக்கலாம். கட்டினா கழிக்க முடியாது."

"என்ன சட்டம்லா இது?"

"சட்டத்துக்கு என்ன, அதுக்குப் பல்லா இருக்கு?"

மகேந்திரன் அதை அப்பாவிடம் பக்குவமாகத்தான் சொன்னான். சன்னாசி விடவில்லை.

"அப்ப ஒண்ணு செய்யலாம் மகேன். கீழ வரிசையில இன்னும் சொந்தப் பல்லு நாலு இருக்கு. நாளைக்குப் போயி பிடுங்கிட்டு வந்துடட்டுமா?"

"ஐயோ, வேணாம்பா!"

"ரிசீட்டு குடுப்பாங்கய்யா."

அந்த நாலு பல்லைக் காப்பாற்ற மகேந்திரன் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அப்பாவும் மகனும் ஒரே மூச்சில் அரை மணி நேரம் பேசியது, அம்மாவின் காரியத்துக்குப் பிறகு அன்றுதான். பேச்சோடு பேச்சாகக் கொய்யா விலை, பக்கத்து வீட்டு நாய், பேத்தியின் பரீட்சை எல்லாம் வந்துபோயின. சன்னாசி புதுப் பல் செட்டாகாமல் வார்த்தைகளை மென்று மென்று சிரித்தார்.

ஜூலையில் ஒரு நாள் கலாதேவி ரசீதுக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு கணவனைக் கூப்பிட்டாள். அவள் தாடிகா பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தருகிறவள். அதே பொறுமையோடு ஆரம்பித்தாள்.

"இதுவரைக்கும் நாலாயிரத்து முந்நூறு வெள்ளி. பல்லு ஆயிரத்து முந்நூறு செல்லாது. மிச்சம் மூவாயிரம். உங்க வரி பதினோரு பெர்சன்ட். அப்போ எவ்வளவு குறையும்?"

மகேந்திரன் கூரையைப் பார்த்தான்.

"முந்நூத்தி முப்பது வெள்ளி. முந்நூத்தி முப்பதை மிச்சம் பிடிக்க நாலாயிரத்து முந்நூறு செலவு பண்ணியிருக்கோம். பிள்ளைக்கு இன்னும் லேப்டாப் வாங்கலை."

"எட்டாயிரம் அப்படியே வரியில கழியும்னுல்ல நினைச்சேன்..."

"வருமானத்துல கழிப்பாங்க, வரியில இல்லைங்க. இது உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

தெரியாது. ஸ்டோரில் ஓர் ஆணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறவன், இதை மட்டும் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கேவலம் என்று நினைத்தான்.

கலாதேவி கோப்பை மூடினாள். "மாமாவுக்கு டாக்டரா வேணும்? நீங்க வாராவாரம் போன் பண்றீங்களே, அதுதான் அவருக்கு வேணும். போனை மட்டும் பண்ணுங்க. அதுக்குக் காசா பணமா?"

எவ்வளவு நல்ல யோசனை! மகேந்திரனும் தலையாட்டினான். ஆனால் செலவை நிறுத்தும் பாதியைத்தான் எடுத்துக்கொண்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே முந்திக்கொண்டு கூப்பிட்டார்.

"மகேன், நாளைக்கு டாக்டரு திரும்ப வரச் சொல்லியிருக்காரு. என்னமோ ஒரு டெஸ்டு எடுத்தாரில்ல, அதோட ரிசல்ட்டாம். மேல இன்னும் செலவு வரும் போலிருக்கு. நல்லதாப் போச்சு, பெரிய ரிசீட்டாக் கிடைக்கும்."

மகேந்திரன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினான். 'அப்பா, கையில காசு இல்லை' என்று சொல்ல வேண்டியதுதானே? நாலு வார்த்தை. ஆனால் விடியுமுன் எழுந்து மரம் சீவி, பிறகு ரப்பர் பால் நிறைந்த காண்டாவாளியைச் சுமந்து தன்னைப் படிக்க வைத்தவரிடம், உங்களுக்குச் செலவு செய்யக் கட்டுபடியாகவில்லை என்று எந்த வாயால் சொல்வது? அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டவனுக்குப் பொய் சுலபமாக வந்தது.

"இல்லப்பா, இந்த வருஷக் கோட்டா முடிஞ்சிருச்சு."

"எட்டாயிரமுமா?"

"ஆமாப்பா. மொத்தமும் முடிஞ்சிருச்சு. இனிமே போனா வேஸ்டு. எதுவா இருந்தாலும் ஜனவரிக்கு மேல பாத்துக்கலாம். அப்பத்தான் எனக்கு உதவும்."



"அப்படியா? சரிய்யா. உனக்கு நஷ்டம் வரக் கூடாது" என்றார் சன்னாசி. "சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா. வச்சிடுறேன்."

போனை வைத்ததும் மகேந்திரனுக்குப் பெரிய சுமை இறங்கினாற்போல் இருந்தது. ஒரு பொய்யில் அப்பாவின் மனமும் நோகவில்லை, காசும் போகவில்லை. தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்று இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். 

ரசீது நின்றது. ரசீதோடு போனும் நின்றது. அப்பா கூப்பிடவில்லை, கூப்பிட அவருக்குக் காரணம் இல்லை. மகன் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் பொய் வெளியே வந்துவிடுமோ என்று பயம். தீபாவளிக்குப் போகலாம் என்றிருந்தான். மகளுக்குப் பரீட்சை வந்தது. இருநூறு வெள்ளி அனுப்பி வைத்தான். 'கெடச்சிது' என்று ஒற்றை வார்த்தையில் அப்பாவின் பதில் வந்தது.

டிசம்பரில் பாஸ்கல் வந்து தோளைத் தட்டினான்.

"மச்சான், வெறும் ரிசீட்டு மட்டும் பத்தாதுலா. இவருக்கு இன்ன வியாதி, இன்ன சிகிச்சை தேவைன்னு டாக்டர் சான்று எழுதித் தரணும். நாளைக்கு ஆடிட்டு வந்தா கேப்பாங்க. வருஷம் முடியறதுக்குள்ள வாங்கி வச்சிக்க."

மூவாயிரம் செலவழித்து அந்த முந்நூற்று முப்பதையும் கோட்டை விடுவதா? சனிக்கிழமை காலையிலேயே மகேந்திரன் பீடோருக்குக் காரை எடுத்தான். கலாதேவி மாமாவுக்கென்று மீன் குழம்பு கொடுத்துவிட்டாள். முதலில் அப்பா வீடா, கிளினிக்கா? கிளினிக் ஒரு மணிக்கு மூடிவிடும். அப்பா எங்கே போகப் போகிறார்?

அவன் கிளினிக்குக்குத்தான் போனான்.

முகப்பில் கெர்ட்ரூட் என்ற நர்ஸ் மிஸ்ஸி இருந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை. சன்னாசி பேரைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"ஓ, நீங்கதான் அந்த ரிசீட்டு மகனா?"

காத்திருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகேந்திரன் அசட்டுச் சிரிப்பு ஒன்றைச் சிரித்து வைத்தான்.

"உங்கப்பா வந்தாலே இங்க ஒரே கலகலப்புதான் தம்பி. உடம்புக்கு என்னான்னு கேட்டா, 'முதல்ல ரிசீட்டைப் போடும்மா, வியாதியை அப்புறம் பாத்துக்கலாம்'னு சொல்வாரு. ஞாயித்துக்கிழமை நீங்க பேசினதையெல்லாம் திங்கக்கிழமை எங்ககிட்டச் சொல்லிடுவாரு. உங்க மக பரீட்சை எப்படி எழுதினா?"

"நல்லா... எழுதினா." மகேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். இங்கே வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்குப் போக வேண்டும், மத்தியானம் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அந்தக் கோட்டாப் பொய்யையும் சொல்லிவிட வேண்டும் என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நினைத்தான். "அக்கா, டாக்டர்கிட்ட ஒரு சான்று வேணும். அப்பாவுக்கு என்னென்ன வியாதின்னு எழுதி."

கெர்ட்ரூட் அப்பாவின் அட்டையைத் தேடி எடுத்தார். பிரித்துப் பார்த்தவரின் சிரிப்பு மெல்ல அடங்கியது. அட்டைக்குள்ளிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது இன்னும் இங்கேயேதான் இருக்கு. இதை எப்ப வந்து எடுத்துக்கப் போறீங்க?"

"என்னக்கா இது?"

"ஜூலையில ரிசல்ட்டு கேக்க வந்தப்ப டாக்டரு, நெஞ்சுல அடைப்பு இருக்கு, உடனே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு எழுதிக் குடுத்த லெட்டர் தம்பி. நாங்க எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், 'என் மகனுக்கு இந்த வருஷக் கோட்டா முடிஞ்சிருச்சும்மா, ஜனவரியில போனாத்தான் அவனுக்கு உதவும்'னு என்கிட்டயே பத்திரமாக் குடுத்துட்டுப் போயிட்டாரு."