தடுப்புப் புரதத்துக்கு ஒரு கண்டனத் தீர்மானம்

கோலா சிலாங்கூரில் எங்கள் சமூக நலச் சங்கம் சீரும் சிறப்புமாகச் செயல்பட்டு வருகிறது. அதன் செயலாளர் என்ற முறையில் இதை நானே அடிக்கடி அறிவித்து வருகிறேன். இப்போது எல்லாச் சங்கங்களும் மரபணு பற்றிப் பேசுகின்றன, நாம் மட்டும் சர்க்கரை நோயிலேயே நிற்கிறோம் என்று தலைவர் ஆனந்தராஜா வருத்தப்பட்டதால், சென்ற மாதம் ஓர் அறிவியல் சொற்பொழிவு வைத்தோம்.

பேச வந்தவர் ஆராய்ச்சியாளர் டாக்டர் சுகந்தினி. வந்திருந்த கூட்டத்தில் உண்மையிலேயே கேட்க வந்தவர் புனிதவதி ஒருவர்தான். அவர் மகனுக்குத் தாலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் பையன் பள்ளிக்குப் போவான். புக்கிட் ரோத்தானுக்குக் கடைசி பஸ்ஸை விட்டுவிடக் கூடாது என்று அந்த அம்மாள் என்னிடம் முன்பே சொன்னார். கவலையே வேண்டாம் என்றேன்.

ரவாங்கிலிருந்து சிறப்பு விருந்தினர் வராமல் விளக்கேற்ற முடியாது. விளக்கேற்றாமல் யாரும் பேச முடியாது. அவர் வந்து சேர்ந்ததும் பொன்னாடை போர்த்தினோம். தலைவர் மனம் நோகக் கூடாதென்று அவருக்கும், துணைத் தலைவர் முறைத்ததால் அவருக்கும் போர்த்தினோம். எனக்கு நானே போர்த்திக்கொண்டேன். பேச்சாளரின் முறை வந்தபோது பொன்னாடை தீர்ந்துவிட்டது. என் வரவேற்புரை மிகச் சுருக்கம். சங்கம் தோன்றிய வரலாற்றிலிருந்துதான் தொடங்கினேன்.

ஒருவழியாக டாக்டர் பேசினார். நம் உயிரணுக்களில் எல்லா மரபணுக்களும் இருக்கின்றனவாம். எது எங்கே வேலை செய்யும் என்பதை அதன் முன்னால் வந்து உட்காரும் சில புரதங்கள் தீர்மானிக்குமாம். படியெடுப்புக் காரணிகள் என்று பெயர். சில முடுக்கிவிடும், சில தடுக்கும். கருவில் இருந்தபோது நல்ல ரத்தத்துக்கு வழிசெய்த மரபணு பிறந்த பிறகும் பழுதில்லாமல் அப்படியே இருக்கிறதாம். ஒரு புரதம் முன்னால் உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்ய விடுவதில்லையாம்.

புனிதவதி எழுந்தார். "டாக்டர், உக்காந்திருக்கறது எந்திரிச்சிட்டா எம் புள்ளைக்கு ரத்தம் ஏத்த வேணாமா?"

மண்டபமே அன்றைக்கு முதல்முறையாக மேடையைத் திரும்பிப் பார்த்தது. டாக்டர் வாயைத் திறந்தார். தலைவர் மணியை அடித்தார்.

"கேள்வியெல்லாம் நன்றியுரைக்கு அப்புறம்தான்லா, அம்மா. முறைன்னு ஒண்ணு இருக்கு."

நன்றியுரை என்னுடையது. நாற்காலி தந்தவர் முதல் நாற்காலியைத் துடைத்தவர் வரை நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தால் புனிதவதியைக் காணோம். பேச்சாளரையும் காணோம். சன்னல் வழியே பார்த்தேன். பஸ் புறப்பட உறுமிக்கொண்டிருக்க, டாக்டர் அதன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஏதோ சொல்லி முடித்தார். புனிதவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஏறினார்.

மேடை நாகரிகம் தெரியாதவர் என்று டாக்டரை மன்னித்தோம். பிறகு, வேலை செய்யத் தயாராக இருப்பதை முன்னால் உட்கார்ந்து தடுக்கும் அந்தப் புரதத்தை வன்மையாகக் கண்டித்து நான் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தலைவர் வழிமொழிந்தார். மண்டபமே கைதூக்கியது.

தீர்மானத்தின் பிரதியை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று மறுநாள் டாக்டருக்குப் போன் செய்து கேட்டேன். "அந்தப் புரதம் ஒருத்தர் விடாம நம்ம எல்லார்கிட்டயும் இருக்குங்க, ஐயா" என்றார்.

அப்படியானால் தபால் செலவு மிச்சம் என்று தலைவர் மகிழ்ந்தார்.