மூன்றாம் வகுப்பில் மாவு பொங்கிய நாள்

வகுப்பறையில் நான் செய்த முதல் அறிவியல் சோதனை, ஒரு கல்வி அலுவலரின் வெள்ளைச் சட்டையில் போய் முடிந்தது. இதை நானே சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லது. முக்கூடல் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். ஒவ்வொருவர் வாயிலும் மாவின் அளவு ஒரு படி கூடிவிடுகிறது.

போன வருடம் பங்குனி மாதம். எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. (புத்தி வந்து சேர்ந்திருக்க வேண்டிய வயதுதான். அதற்குப் பஸ் கிடைக்கவில்லை போலிருக்கிறது.) பாளையங்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறி, முக்கூடலைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னத் தொடக்கப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. பதினாறு பிள்ளைகள். எல்லாருக்கும் முத்து முத்தான கையெழுத்து. ஆனால் கரும்பலகையில் இருப்பதை மட்டும்தான் அந்தக் கைகள் எழுதும். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் பதினாறு பென்சிலும் நின்றுவிடும்.

ஒருநாள் மாதிரிக்கு, 'நான் நேற்று ஆற்றுக்குப் போனேன்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, "இதே மாதிரி நீங்க நேத்து என்ன செஞ்சீங்கன்னு எழுதுங்க" என்றேன். பதினாறு பேரும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். நடுவில் நான் ஒரு எழுத்தைத் தப்பாக எழுதி அடித்திருந்தேன். பதினாறு பேரும் அதே எழுத்தைத் தப்பாக எழுதி, அதே இடத்தில் அடித்திருந்தார்கள்.

அவர்களில் கனகா மட்டும் கொஞ்சம் வேறு. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலையிறங்கி வந்த குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் சேர்ந்து மாதங்கள் ஆகியும் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வருகைப் பதிவு எடுக்கும்போது கையை மட்டும் தூக்குவாள்.

அந்தச் சமயத்தில்தான் ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஒரு விஷயம் கேட்டேன். எழுத வேண்டுமென்றால் எழுதுவதற்கு ஏதாவது நடக்க வேண்டும். ஆகவே பிள்ளைகளின் கண்ணெதிரே ஒரு எளிய சோதனை செய்யுங்கள். என்ன நடக்கும் என்று முதலில் ஊகித்து எழுதட்டும். நடந்ததைப் பார்த்து எழுதட்டும். எழுதியதைத் தாங்களே வாசிக்கட்டும். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது. மறுநாளே யாருக்கும் தெரியாமல் செய்து பார்த்திருந்தால் நான் நல்ல டீச்சர். ஆனால் எனக்கு அதை யாராவது பார்க்க வேண்டும் என்றிருந்தது. வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கல்வி அலுவலர் எங்கள் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்க வருவதாகத் தகவல் வந்திருந்தது. அந்த நாளையே குறித்தேன்.

தலைமையாசிரியை பார்வதி டீச்சருக்கு இது பிடிக்கவில்லை.

"என்னத்துக்கு வம்பு? நல்லா வாசிக்குத நாலு பேர முன்னால உக்கார வையி. பாடப் புத்தகத்த வாசிக்கச் சொல்லு. அவிய கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவாவ."

"இல்ல டீச்சர், புதுசா ஒண்ணு செய்யப்போறேன்."

"என்னது?"

"இட்லி மாவு."

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். "சாப்பாட்டச் சத்துணவுல பாத்துக்கிடுவாவல்லா? உனக்கு ஏன் அந்த வேலை?"

சோதனை இவ்வளவுதான். ஒரு பாட்டிலில் புதிதாக அரைத்த இட்லி மாவை ஊற்றி, அதன் வாயில் ஒரு பலூனை மாட்டிவிட வேண்டும். மாவு புளிக்கும்போது வாயு வரும். பலூன் தானாக எழுந்து நிற்கும். வீட்டில் நான் மாவு ஊற்றுவதைப் பார்த்த என் கணவர், "பாதிக்கு மேல ஊத்தாத, பொங்கும்" என்றார். பாதி பாட்டில் பார்வைக்கு ஏழ்மையாக இருந்தது. முக்கால் பாட்டிலுக்கு ஊற்றினேன். இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள், "தோசைக்கா இட்லிக்கா?" என்று கேட்டார். "அறிவியலுக்கு" என்றேன். அதன் பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதரை மணிக்குப் பாட்டிலை மேசையில் வைத்து, பலூனை மாட்டினேன். "என்ன நடக்கும்னு நினைக்கிறீங்களோ அதை எழுதுங்க" என்றேன். பதினாறு தலைகளும் கரும்பலகையைப் பார்த்தன. அதில் ஒன்றுமில்லை. பிள்ளைகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீச்சர், இது இன்னைக்குப் பொங்காது."

கனகா! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏம்மா?"

"எங்க மலையில மாவு பொங்க ரெண்டு நாளாவும்."

உண்மையான ஆசிரியை என்றால் அந்த இடத்தில் துள்ளிக் குதித்திருப்பாள். மலையில் ஏன் இரண்டு நாள், இங்கே எத்தனை நேரம் என்று அன்றைய பாடத்தையே அதில் நடத்தியிருப்பாள். நானோ கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொரு மணிக்கு அலுவலர் வருகிறார், மாவோ ஃப்ரிட்ஜிலிருந்து இறங்கிய குளிரில் உறங்குகிறது. நேராகப் பெரிய டீச்சர் அறைக்குப் போனேன். (பார்வதி டீச்சரைப் பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள்.) அங்கே டீக்கு வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்து, பலூனைக் கழற்றி மூன்று கரண்டி சீனியை மாவில் போட்டுக் கலக்கினேன். பலூன் கழன்றுவிடக் கூடாதே என்று சைக்கிள் ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். பாட்டிலைத் தூக்கி வெயில் அடிக்கும் ஜன்னலில் வைத்தேன். திரும்பினால், பதினாறு ஜோடிக் கண்கள்.

"இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

"சரி டீச்சர்" என்றார்கள் ஒரே குரலில்.

பத்து மணிக்குப் பலூன் துவண்டு கிடந்தது. 'மாற்றம் இல்லை' என்று எழுதச் சொல்லிக்கொடுத்தேன். பதினொரு மணிக்கு அது மெல்லத் தலை தூக்கியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அலுவலரைக் காணோம். வேறொரு பள்ளியில் நேரமாகிவிட்டதாம், சாப்பாட்டுக்குப் பிறகுதான் வருவாராம். பன்னிரண்டு மணிக்குப் பலூன் மாங்காய் அளவு ஆனது. ஒரு மணிக்குத் தேங்காய். அத்தோடு பாட்டிலைப் பைய எடுத்து நிழலில் வைத்திருக்கலாம். ஆனால் அது அவ்வளவு அழகாக இருந்தது!

இரண்டரை மணிக்கு முன்வரிசைப் பையன் ஒருவன் எச்சரித்தான்.

"டீச்சர், பலூனுக்குள்ள மாவு போவுது."

"போகட்டும்லே. நல்லாத்தான இருக்கு."

மூன்று மணிக்கு மேல் அலுவலர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வெயிலில் வந்த களைப்பு. அவருக்குக் காற்று வேண்டுமே என்று பார்வதி டீச்சர் தன் அறையிலிருந்த ஸ்டாண்டு ஃபேனை உருட்டிக்கொண்டு வந்து, என் மேசைக்குப் பின்னால் வைத்து, அவர் முகத்தைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் போட்டுவிட்டார்கள். நானும் பாட்டிலை ஜன்னலிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அதாவது ஃபேனுக்கும் அலுவலருக்கும் நடுவில்.

"இது என்னம்மா?" என்றார் அவர்.

"பக்கத்துல வந்து பாருங்க சார்" என்றது நான்தான். வேறு யாரும் அவரை அழைக்கவில்லை.

அவர் குனிந்தார். உள்ளே ஏதோ வெள்ளையாக நகர்வதைக் கண்டு, "அது என்னது, அங்கன?" என்று கையிலிருந்த பேனாவால் சுட்டிக்காட்டினார். பேனா முனை பலூனைத் தொட்டது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஆறு மணி நேர வெயிலையும் மூன்று கரண்டி சீனியையும் குடித்த மாவு கூரையைப் பார்த்து எழுந்தது. பாதியைக் கரும்பலகை வாங்கிக்கொண்டது. மீதியை ஃபேன் பொறுப்பாக எடுத்துச்சென்று அலுவலரிடம் ஒப்படைத்தது. நெற்றி, கண்ணாடி, மீசை, சட்டை என்று ஓரிடம் விடவில்லை. பார்வதி டீச்சர் மேசைக்குக் கீழே போய்விட்டார்கள்.

எதையாவது எடுத்துத் துடைக்க வேண்டுமே என்று கைக்கு அகப்பட்டதை எடுத்து அவர் சட்டையை அழுத்தி அழுத்தித் துடைத்தேன். நான்காவது தடவை துடைக்கும்போதுதான் கவனித்தேன், அது கரும்பலகை டஸ்டர். இட்லி மாவின் மேல் ஒரு வாரத்துச் சுண்ணக்கட்டிப் பொடி.

"விடும்மா" என்றார் அவர் மெதுவாக. "போதும். விட்டுரு."

என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். மறுநாள் காலை பஸ் ஏற வேண்டியதில்லை என்பதுவரை யோசித்துவிட்டேன்.

அப்போது கனகா எழுந்தாள். "டீச்சர், இதையும் எழுதணுமா?"

அலுவலர்தான், கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார். "எழுதணும்லா. பாத்தத எழுதுததுதான பாடம்?"

பதினாறு பென்சிலும் ஓடின. கரும்பலகை முழுக்க மாவு. அன்று அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிறான். ஒருத்தி, "'பலூனு'க்கு எந்த 'ன' டீச்சர்?" என்கிறாள். தலையில் மாவோடு நின்றுகொண்டு நான் அதைப் பார்த்தேன். எத்தனை மாதம் கெஞ்சியும் வராத வரிகள்!

அலுவலர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து வாசிக்கச் சொன்னார். முன்வரிசைப் பையன் வாசித்தான். "சார் வந்தார். சார் குனிந்தார். சார் வெள்ளை ஆனார்." அடுத்த பிள்ளை, "பெரிய டீச்சர் மேசைக்கு அடியில் போனார்கள். இன்னும் வரவில்லை" என்று வாசித்ததும், பார்வதி டீச்சர் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தார்கள். அலுவலரின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று மாவுக்கு மேலே கண்டுபிடிக்க முடியவில்லை.

கனகாவின் முறை வந்தது. "இந்தப் பிள்ளை வாசிக்காது சார்" என்று நான் சொல்லி முடிக்குமுன், அவள் விரலை எழுத்தின் கீழ் வைத்து ஆரம்பித்துவிட்டாள்.

"நான் பொங்காது என்றேன். டீச்சர் பயந்தார்கள். பெரிய டீச்சர் ரூமில் இருந்து சீனி எடுத்துப் போட்டார்கள். மூன்று கரண்டி. ரப்பரை இறுக்கிக் கட்டினார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்கள்."

பார்வதி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அலுவலரும் பார்த்தார். பூமி பிளந்திருந்தால் சந்தோஷமாக இறங்கியிருப்பேன். என்னை அறியாமலே வாய் உளறியது. "ஏட்டி, சொல்லக் கூடாதுன்னேம்லா!"

"சொல்லல டீச்சர்" என்றாள் கனகா. "எழுதுனேன்."

அலுவலர் சிரித்தார். கைக்குட்டையால் வாயைப் பொத்தப் போய், அதிலிருந்த மாவு மூக்கில் ஏறி, தும்மித் தும்மிச் சிரித்தார். பிள்ளைகளும் சிரித்தார்கள். பிறகு கனகாவை அருகே அழைத்தார்.

"மலையில ஏன் ரெண்டு நாளாவுது?"

"அங்கன குளிரும் சார்."

"அப்போ அடுத்த தடவை ரெண்டு பாட்டில் வைங்க. ஒண்ணு வெயில்ல, ஒண்ணு தண்ணிப் பானை பக்கத்துல. எது முந்துதுன்னு எழுதுங்க." என்னைப் பார்த்தார். "சீனி வேண்டாம்."

பார்வையாளர் பதிவேட்டில் அவர் எழுதியதை எனக்கு மனப்பாடமாகச் சொல்ல முடியும். 'மாணவர்கள் கண்டதைக் கண்டபடி எழுதுகிறார்கள். எழுதியதைத் தயக்கமின்றி வாசிக்கிறார்கள். ஆசிரியர் அவசரப்படாமல் இருக்கலாம்.'

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் 'சீனி போடுவது' என்றால் வேறு அர்த்தம். என் மகள் படித்து முடித்துவிட்டேன் என்று ஓடி வந்தால், "சீனி போட்டியா?" என்பார்கள். சர்ச்சில் நான் ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னால், பின் வரிசையிலிருந்து என் நாத்தனார் மூன்று விரலைக் காட்டுவாள். மூன்று கரண்டியாம்.

மறுவாரம் இரண்டு பாட்டில் வைத்தோம், பாதி அளவுக்கு மட்டும். (வெயிலில் இருந்ததுதான் முந்தியது. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினார்கள்.) அதற்கு அடுத்த திங்கட்கிழமை கனகாவின் அம்மா பள்ளிக்கு வந்து நின்றார். கையில் கனகாவின் நோட்டு. "டீச்சர், இதக் கொஞ்சம் பாருங்க. ஞாயித்துக்கிழமை முழுசும் உக்காந்து எழுதிட்டு, தெருவுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுதா" என்றார்.

வாங்கிப் பார்த்தேன்.

'ஒன்பது மணி. அப்பா தூங்குகிறார்.

பத்து மணி. அப்பா தூங்குகிறார். வாய் திறந்து இருக்கிறது.

பதினொரு மணி. அம்மா குடத்தைச் சத்தமாக வைத்தார். மாற்றம் இல்லை.

பன்னிரண்டு மணி. அப்பா எழுந்தார். நான் தூங்கவே இல்லை என்றார்.'

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் வேணும்னா கனகாவக் கண்டிச்சு வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் பதறிப்போய் நோட்டை என் கையிலிருந்து வாங்கி, சேலைத் தலைப்பால் துடைத்து, பத்திரமாக இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம் டீச்சர். எழுதட்டும். இன்னைக்குக் காலையில அவிய ஆறு மணிக்கே எந்திரிச்சிட்டாவ."