வள்ளியம்மை டிஸ்சார்ஜ் ஆன விவரம்

தஞ்சாவூர்
14.2.1972

மதிப்பிற்குரிய மச்சான் வைரக்கண்ணு அவர்களுக்கு ரெங்கசாமி கும்பிட்டு எழுதிக்கொள்வது. பட்டுக்கோட்டையில் அனைவரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகத்துக்கு வழியில்லை. மனதைத் தேற்றிக்கொண்டு மேலே படிக்கவும்.

தங்கள் தங்கை வள்ளியம்மைக்கு வயிற்றுவலி கண்டு, குடல்வால் ஆபரேஷன் ஆனது வரை தங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எல்லாமே இங்கிலீஷ். கமருன்னிஸா என்கிற நர்சம்மா பாவம் பார்த்து, பல்ஸ் என்றால் நாடி, யூரின் என்றால் சிறுநீர் என்று சொல்லிக்கொடுத்தது. மற்றபடி எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் நம் குத்தகை வழக்கில் வக்கீல் வாயிலிருந்து பொறுக்கியதுதானே. ஆபரேஷனுக்கு மறுநாள் டாக்டர் வந்து, "மோஷன் போச்சா?" என்றார். "நேத்தே வக்கீல் கோர்ட்டுல மோஷன் மூவ் பண்ணிட்டாருங்க ஐயா, பண்ணையார் தரப்புலதான் வாய்தா கேக்குறாங்க" என்றேன். டாக்டர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இன்று காலை கமருன்னிஸா வேலைக்கு வரவில்லை. டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "இந்தக் கேஸ் டிஸ்சார்ஜ். இனிமே இங்க செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். போன அறுவடைத் தகராறில் நம்ம ஆளுங்க மேல போட்ட கேஸை கோர்ட்டு டிஸ்சார்ஜ் பண்ணப்போ வக்கீல் என்ன சொன்னார்? 'கேஸ்ல உயிரில்லன்னு தள்ளிட்டாங்க'ன்னுதானே சொன்னார்! அப்போ நம்ம வள்ளியம்மை கேஸும் அதேதானே மச்சான். அதுவோ ஒண்ணும் அறியாம, "கஞ்சியில உப்பே இல்ல"ங்குது. அதுகிட்ட எப்படிச் சொல்லுவேன்?

வராந்தாவில் அழுதுகொண்டிருந்தபோது பண்ணைக் காரியஸ்தர் கோவிந்தராசு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அதுவே போனப்புறம் யாருக்காக நடவு நடப்போறே? நிலத்தை விட்டுட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஆகவேண்டியதைப் பாரு" என்றார். அது இல்லாத வயல்ல நான் எப்படி மச்சான் போய் நிப்பேன்? போட்டுட்டேன். உடனே புறப்பட்டு வரவும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
நாதியற்றுப் போன
ரெங்கசாமி

பின்குறிப்பு: அண்ணே, நான் வள்ளியம்மை எழுதுறேன். புண்ணு ஆறிடுச்சு, அதனாலதான் வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்காங்கன்னு சாயங்காலம் கமருன்னிஸா வந்து சொல்லுச்சு. அதைக் கேட்டு இவரு சிரிப்பாருன்னு பாத்தா, சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டாரு. அப்புறந்தான் கையெழுத்து விஷயமே வெளிய வந்துச்சு. நிலம் திரும்புமோ என்னமோ, தெரியல. ஏமாத்தி வாங்கின கையெழுத்துன்னு தாசில்தார்கிட்ட மனு கொடுக்கப்போறேன். மாலை கீலை வாங்காதீங்க, ஆஸ்பத்திரிக்கும் வராதீங்க. நேரா நம்ம நிலம் இருக்குற பாபநாசம் தாலுகா ஆபீசுக்கு வந்துடுங்க. வாசல்லதான் உக்காந்திருப்பேன்.