கொக்கு சார் போட்ட பொய்

மெட்ராஸில் பொய்யே சொல்லாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கொக்கு சார். உயரம், மெலிவு. நின்றால் நின்ற இடத்திலேயே அரைமணி. சாந்தோமில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பறவை பார்க்கிறவர்களுக்காக, அங்கத்தினர்களுக்கு மட்டும், மாதப் பத்திரிகை நடத்தினார். மயிலாப்பூரில் ஒரு சின்ன அச்சகத்தில் அதற்கு எழுத்துக் கோத்தவன் நான்.

எந்தப் பறவையை எங்கே பார்த்தோம் என்று அங்கத்தினர்கள் எழுதுவார்கள். சார் விசாரிக்காமல் போடமாட்டார். மாம்பலத்தில் மயில் என்று ஒருவர் எழுதினார். சித்திரை வெயிலில் நடந்தே போய்ப் பார்த்துவந்து, "வளர்ப்பு மயில். கால்ல கயிறு இருக்கு. அந்த வரியை அடிச்சுடு" என்றார். அவர் சம்சாரம் ஒருநாள் கொல்லையில் மீன்கொத்தி பார்த்தாராம். "சாட்சி உண்டா?" என்று கேட்டுவிட்டார். அன்று மத்தியானம் என் தயிர்சாதத்தில் பாதி சாருக்குப் போயிற்று.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் அடையாற்று முகத்துவாரத்தில் பூநாரைகள் இறங்கின. சார் எண்ணி, இடத்தோடு போட்டார். இதழ் வெளியானதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு பார்க்கப் போனேன். பறவைகள் இல்லை. சேற்றில் இளஞ்சிவப்பு இறகுகள் கிடந்தன.

வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் சொன்னார்: "இன்னா சார், உன் புக்கைக் கையில வச்சிக்கினுதான் அந்த வக்கீலு வந்தாரு. அஞ்சு சுட்டு எடுத்துக்கினு போனாரு."

வக்கீல் எங்கள் அங்கத்தினர். சார் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வருஷமும் பூநாரைகள் அங்கேயே வந்தன. போடாமல் விட்டால் வக்கீல் பழைய இடத்துக்கே போய்ப் பார்ப்பார். சார் என் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"முத்து, இடத்தை மாத்திக் கோத்தா பிழை யாருது?"

"என்னுது சார்."

"நான் புரூஃப் பார்த்திருந்தா?"

"உங்களுது."

"இந்த மாசம் எனக்குக் கண்ணு வலி."

நான் 'சைதாப்பேட்டைப் பாலம்' என்று கோத்தேன்.

வக்கீல் துப்பாக்கியோடு பாலத்தடிக்குப் போனார். கரை முழுக்கச் சலவைத் துணி. "பறவையா? இங்க வேட்டிதான் நைனா காயுது. அதையா சுடப்போறே?" என்றாராம் ஒரு சலவைக்காரர்.

வக்கீல் நேராக அச்சகத்துக்கு வந்து கத்தினார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "கண்ணு பிடரியிலயா இருக்கு? நாளையிலேர்ந்து வராதே!" சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

மூலையில் இருந்த சார் எழுந்தார். "அவன் பிழை இல்லை. நான்தான் மாத்தச் சொன்னேன்."

"அப்போ நிஜமா எங்கே இருக்கு?" என்றார் வக்கீல்.

"தெரியும். சொல்லமாட்டேன்."

மறுநாளிலிருந்து பறவைகள் கிளம்பும்வரை, விடிந்ததும் சார் முகத்துவாரத்துத் தண்ணீரில் போய் நின்றார். வக்கீல் ஒருநாள் தேடிக்கொண்டு வந்தாராம். குறுக்கே ஆள் நிற்கும்போது எப்படிச் சுடுவது? திரும்பிவிட்டார்.

என் வேலை தப்பியது. ஆனால் அடுத்த இதழில், ஆசிரியர் என்ற இடத்திலிருந்து தன் பெயரை எடுக்கச் சொன்னார் சார். "பொய் போட்டவன் பேரு இருக்கக்கூடாது." எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அச்சான எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போடுவது என் வேலை. அந்தப் பெயரை மட்டும் பிரிக்கக் கை வரவில்லை. முதலாளிக்குத் தெரியாமல், நூலால் கட்டி, வீட்டுக்கு எடுத்துவந்தேன். இன்றும் கட்டு அவிழவில்லை.